ஒருமுறை இறக்கினால் வீடு முழுவதற்கும் போதும்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. 2003 ஒக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு அவை வெளிவரும்போது இங்கே வட்டுக்கோட்டையில் இரவு பத்தரை மணி. அங்கே குளிர்காலம் என்றால் இங்கே பதினொன்றரை. புதன்கிழமை விடிந்து கணினிகளைப் போட்டதும், அவை ஒவ்வொன்றும் அந்தக் கோப்பைத் தேடிப் போகின்றன. பகிர்வு வசதி நிறுத்தப்பட்டிருக்கும் வீட்டில் மூன்று கணினி இருந்தால், ஒரே கோப்பு மூன்று தடவை இணையத்தில் இருந்து இறங்கும். காசு கொடுத்து வாங்கிய டேட்டாவும் மூன்று தடவை கரையும்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் உண்டு. கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் வகுப்புக்கென்று வாங்கியது ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணினி ஒன்று, அண்ணனின் வேலைக்கு இன்னொன்று. ஆனால் இணைய இணைப்பு ஒன்றுதான். அதுவும் மாத முடிவு வருமுன்னரே தீர்ந்துபோகும் அளவுள்ள பெக்கேஜ். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தொலைத்தொடர்புக் கட்டணம் ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. ஒரு ஜீபி டேட்டாவைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்கவேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்குப் பார்க்கும்போது பலர் முதலில் நிறுத்துவது அப்டேட்டைத்தான். படம் பார்ப்பதை நிறுத்த மனம் வராது. கனடாவில் இருக்கும் பிள்ளையுடன் வீடியோவில் கதைப்பதை நிறுத்த முடியாது. அப்டேட் என்பது யாருக்கும் கண்ணுக்குத் தெரியாத செலவு. நான் பாவித்த மடிக்கணினி ஒன்றைத் திருத்தக் கொடுத்தபோது, கடைக்காரர் கேட்காமலே அப்டேட்டை நிறுத்திக் கொடுத்திருந்தார். "டேட்டா மிச்சம், கணினியும் வேகமாக ஓடும்" என்பது அவருடைய விளக்கம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான்.

அப்டேட்டை நிறுத்தாமலே டேட்டாவை மிச்சப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அதற்குப் புதிதாக எதையும் வாங்கவோ நிறுவவோ வேண்டியதில்லை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளில் அந்த வசதி ஏற்கனவே இருக்கிறது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, அதை நம்பலாமா என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

அப்டேட் ஏன் எங்களுக்கு முக்கியம்

2017 மே 12 ஆம் திகதி 'வன்னாகிரை' என்ற கணினிப் புழு உலகெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் 150 நாடுகள் வரையில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான நோயாளர்களின் முன்பதிவுகள் இரத்தாகின. கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்பதுதான் அந்தப் புழுவின் வேலை.

அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் 14 ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னதாக. அந்த அப்டேட்டைப் போட்டிருந்த கணினிகளுக்குள் புழுவால் அந்த ஓட்டை வழியாக நுழைய முடியவில்லை.

இன்னொரு விடயத்தையும் கவனிக்கவேண்டும். வன்னாகிரை ஒரு கணினிக்குள் புகுந்தால் அதனுடன் ஒரே வலையமைப்பில் இருக்கும் மற்றக் கணினிகளையும் தேடிப் போகும். யாரும் எதையும் அழுத்தவேண்டியதில்லை. ஆகவே வீட்டில் இரண்டு கணினிகளுக்கு அப்டேட் போட்டுவிட்டு, மூலையில் கிடக்கும் பழைய கணினியை அப்படியே விட்டால், அந்த மூன்றாவதுதான் வீட்டின் திறந்த கதவு.

எங்கள் வீடுகளில் உள்ள கணினிகளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இடம்பெயர்வுகளில், கடைசியாக 2009 இல், எத்தனையோ குடும்பங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்து காணி உறுதி வரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடின. பிறகு அலைந்து திரிந்து எடுத்த பிரதிகளை ஸ்கேன் செய்து வைத்திருப்பது இந்தக் கணினிகளில்தான். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் மிஞ்சியிருக்கும் ஒரே படம், ஆணைக்குழுக்களுக்கும் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் கொடுத்த கடிதங்களின் பிரதிகள், வெளிநாட்டில் உள்ள உறவினரின் வழக்குக்காகச் சேர்த்த ஆவணங்கள். பணம் கேட்கும் ஒரு புழு இவற்றைப் பூட்டிவிட்டால் மறுபடி எங்கே போய் எடுப்பது? இரண்டாம் தடவையும் இழப்பதற்கு எங்களிடம் அதிகம் இல்லை.

பகிர்வு எப்படி நடக்கிறது

விண்டோஸில் உள்ள இந்த வசதிக்கு 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்று பெயர். 2015 இல் விண்டோஸ் 10 உடன் வந்தது. அது செய்யும் வேலை எங்களுக்குப் பழக்கமானதுதான். வாசிகசாலைக்கு ஒரு பேப்பர் வரும். முதல் ஆள் நடுப்பக்கத்தை எடுப்பார், அடுத்தவர் விளையாட்டுப் பக்கத்தை எடுப்பார், மாலைக்குள் ஊரே முழுப் பேப்பரையும் வாசித்து முடித்துவிடும். ஆளுக்கொரு பேப்பர் வாங்குவதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஒரு றேடியோவைப் பாடவைத்து ஒழுங்கையே செய்தி கேட்டதும் இதே கணக்குத்தான்.

கணினியில் அது நடப்பது இப்படி. அப்டேட் கோப்பு சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வீட்டின் முதல் கணினி அந்தத் துண்டுகளை இணையத்தில் இருந்து இறக்கித் தன்னிடம் சேமித்து வைக்கிறது. இரண்டாவது கணினி அதே அப்டேட்டைத் தேடும்போது, "இதே இணைப்பில் இந்தக் கோப்பை வைத்திருப்பவர் யாராவது உண்டா?" என்று மைக்ரோசொப்டின் சேவையிடம் கேட்கிறது. முதல் கணினியின் விலாசம் கிடைக்கிறது. அதன்பின் ரவுட்டர் வழியாக நேரடியாக அந்தக் கணினியிடம் இருந்தே துண்டுகளை வாங்கிக்கொள்கிறது.

ரவுட்டருக்குள்ளேயே ஒரு கணினியில் இருந்து மற்றதற்குப் போகும் டேட்டா, இணைய நிறுவனத்தின் கணக்கில் ஏறாது. அது உங்கள் வளவுக்குள் ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குப் போவதைப் போன்றது. படலையைத் தாண்டினால்தான் கட்டணம்.

ஒரு மாத அப்டேட் சில நூறு எம்பியில் இருந்து சில ஜீபி வரை வரலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் இன்னும் பெரியது. ஒரு அப்டேட் ஒரு ஜீபி என்று வைத்துக்கொண்டால், மூன்று கணினிக்கும் தனித்தனியே இறக்க மூன்று ஜீபி வேண்டும். பகிர்ந்தால் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். சரியாக ஒன்று என்று சொல்ல முடியாததற்குக் காரணம், இரண்டாவது கணினி பக்கத்துக் கணினியிடம் வாங்கும் அதே நேரத்தில் இணையத்தில் இருந்தும் சில துண்டுகளை எடுத்துக்கொள்ளும். மாதாந்த அப்டேட்டுகள் மட்டுமல்ல, மைக்ரோசொப்ட் ஸ்டோரில் இருந்து வரும் செயலிகளும் ஒபிஸ் 365 மென்பொருளின் அப்டேட்டுகளும் இதே வழியில் பகிரப்படும்.

இதை நம்பலாமா

இந்த வசதியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "அப்படியென்றால் மற்றக் கணினி என்னுடைய கோப்புகளைப் பார்க்குமா?" என்பதுதான். எங்கள் மக்களிடம் இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம். கண்காணிப்புக்குள் வாழ்ந்து பழகியவர்கள் எந்தப் பகிர்வையும் சந்தேகத்துடன் பார்ப்பது நியாயமானது. ஆகவே நேரடியான பதில்கள்.

உங்கள் ஆவணங்களோ படங்களோ இதில் பகிரப்படுவதில்லை. கைமாறுவது மைக்ரோசொப்ட் வெளியிட்ட கோப்புகளின் துண்டுகள் மட்டுமே. இதற்காக உங்கள் கோப்புறைகளை வலையமைப்பில் திறந்துவிட வேண்டிய தேவையும் இல்லை. அது வேறு வசதி, இது வேறு.

பக்கத்துக் கணினியில் வைரஸ் இருந்தால் அது அப்டேட்டுடன் சேர்ந்து வராதா? ஒவ்வொரு துண்டுக்கும் இருக்கவேண்டிய அடையாள எண்ணை உங்கள் கணினி மைக்ரோசொப்டிடம் இருந்து தனியே பெற்றுக்கொள்கிறது. வந்த துண்டு அந்த அடையாளத்துடன் பொருந்தாவிட்டால் அதை எறிந்துவிட்டு வேறிடத்தில் வாங்கும். முழுக் கோப்பும் சேர்ந்த பிறகு அதன் டிஜிட்டல் கையொப்பமும் சரிபார்க்கப்படும். இடையில் யாரும் கைவைத்த கோப்பு நிறுவப்படாது.

மைக்ரோசொப்டுக்கு என்ன தெரியும்? உங்கள் இணைய விலாசமும் எந்த அப்டேட்டைத் தேடுகிறீர்கள் என்பதும் தெரியும். பகிராமல் நேரடியாக இறக்கினாலும் அவை தெரியத்தான் போகின்றன.

கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த வசதியில் இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் உள்ளூர் வலையமைப்பில் உள்ள கணினிகளுடன் மட்டும் பகிர்வது. மற்றது, இணையத்தில் உள்ள முன்பின் தெரியாத கணினிகளுடனும் பகிர்வது. இரண்டாவதைத் தெரிவுசெய்தால் உங்கள் கணினி எங்கோ இருக்கும் ஒருவருக்குத் துண்டுகளை அனுப்பும். அது படலையைத் தாண்டும் டேட்டா. பதிவேற்றத்தையும் கணக்கில் சேர்க்கும் பெக்கேஜ் என்றால் உங்கள் அளவுதான் குறையும். உங்கள் இணைய விலாசமும் அந்த மற்றக் கணினிக்குத் தெரியவரும். வீட்டுப் பாவனைக்கு முதலாவது தெரிவே போதும்.

செய்யும் முறை

விண்டோஸ் 11 இல் 'செட்டிங்ஸ்' சென்று 'விண்டோஸ் அப்டேட்' என்பதைத் திறக்கவும். அதற்குள் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', அதற்குள் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்'. விண்டோஸ் 10 இல் 'செட்டிங்ஸ்', 'அப்டேட் அண்ட் செக்கியூரிட்டி', அதன் இடப்பக்கப் பட்டியலில் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்'.

அங்கே, பிற கணினிகளில் இருந்து தரவிறக்க அனுமதிக்கும் ஆளி ஒன்று இருக்கும். அதைப் போடவும். கீழே உள்ள இரண்டு தெரிவுகளில் 'லோக்கல் நெட்வேர்க்' என்பதை மட்டும் குறிப்பிடும் தெரிவை எடுக்கவும். வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளிலும் இதையே செய்யவேண்டும்.

பிறகு ஒழுங்குமுறை. எல்லாக் கணினியையும் ஒரே நேரத்தில் அப்டேட் செய்யவேண்டாம். நன்றாக ஓடும் கணினி ஒன்றை முதலில் இறக்க விடுங்கள். உங்கள் பெக்கேஜில் இரவு நேரத்துக்கெனத் தனி டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குவது இலாபம். அது முடிந்தபின் அந்தக் கணினியை நிறுத்தாமல் வைத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இறக்கிய துண்டுகளைக் கணினி வழக்கமாக மூன்று நாட்கள்தான் வைத்திருக்கும். ஆகவே புதன் இரவு முதலாவதை இறக்கினால் சனிக்கு முன்னர் மற்றவற்றையும் முடித்துவிடவேண்டும்.

வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. அதே பக்கத்தின் கீழே 'அக்டிவிட்டி மொனிட்டர்' என்று இருக்கும். இந்த மாதம் இறங்கியதில் எவ்வளவு மைக்ரோசொப்டிடம் இருந்து வந்தது, எவ்வளவு உள்ளூர்க் கணினிகளிடம் இருந்து வந்தது என்பதை அது தனித்தனியே காட்டும். இரண்டாவது கணினியில் உள்ளூர்ப் பங்கு ஏறியிருந்தால் எல்லாம் சரி.

பகிரப்படாவிட்டால்

எங்கள் வீடுகளில் இது வேலை செய்யாமல் போவதற்கு வழமையான சில காரணங்கள் உண்டு.

கணினிகள் ஒரே ரவுட்டரில் இல்லாமல் இருக்கலாம். ஒருவர் வீட்டு வைபையிலும் மற்றவர் தன் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டிலும் இருந்தால் அவை இரண்டு வேறு வீடுகள் மாதிரி. ரவுட்டரில் 'கெஸ்ட்' வைபை என்று தனியாக இருப்பதில் இணைந்த கணினிகளும் ஒன்றையொன்று காணமாட்டா.

இணைப்பை 'மீற்றர்ட்' என்று குறித்து வைத்திருக்கலாம். டேட்டாவை மிச்சப்படுத்தப் பலர் செய்யும் வேலை இது. அப்படிக் குறித்தால் அப்டேட் தானாக இறங்காது. மாதக் கணக்கில் நின்றுபோயிருக்கும், யாருக்கும் தெரியாது. மாதத்தில் ஓரிரு நாட்களாவது எல்லாக் கணினிகளிலும் அந்தக் குறியை எடுத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள். வேகம்தான் பிரச்சினை என்றால் இதே டெலிவரி ஒப்டிமைசேஷன் பக்கத்தில் இறக்கும் வேகத்துக்கு எல்லை போடலாம்.

பற்றரியில் ஓடும் மடிக்கணினி வழக்கமாக மற்றவற்றுக்கு அனுப்பாது. கொடுக்கும் கணினி மின்சாரத்தில் செருகியிருக்கவேண்டும், தூங்கவும் கூடாது. நினைவகம் 4 ஜீபிக்குக் குறைந்த கணினி கொடுக்கும் வேலையைச் செய்யாது. வீபிஎன் போட்டிருக்கும்போதும் பொதுவாகப் பகிர்வு நின்றுவிடும். கடைசியாக, கணினிகள் ஒரே பதிப்பில் இருக்கவேண்டும். விண்டோஸ் 10 இன் அப்டேட் விண்டோஸ் 11 க்குப் பொருந்தாது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தன. வெளிநாட்டில் இருந்து பாவித்து அனுப்பப்பட்ட பல மடிக்கணினிகள் விண்டோஸ் 11 க்கு ஏற முடியாதவை. விண்டோஸ் 11 க்கு 'ரீபிஎம் 2.0' என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் தேவை.

அவற்றுக்காக 2026 ஒக்டோபர் 13 வரையான நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசில்லாமலும், இல்லாவிட்டால் ஒருதடவை 30 டொலர் கட்டியும் சேரலாம். ஒரு கணக்கில் எடுத்த நீட்டிப்பை 10 கணினிகள் வரை பாவிக்கலாம். ஆக, இதையும் வீட்டுக்கு ஒன்று என்று எடுத்தால் போதும்.

அதற்குப் பிறகு அந்தக் கணினியை எறியத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறலாம். கணினிகள் கூடுதலாக உள்ள கல்வி நிலையங்களில் 'அப்ட் கேச்சர்' என்ற இலவச மென்பொருளை ஒரு லினக்ஸ் கணினியில் நிறுவினால், மற்றக் கணினிகள் எல்லாம் அதன் வழியாகவே அப்டேட்டைப் பெறும். முதல் கணினி கேட்டபோது இறங்கிய கோப்பு மற்றவற்றுக்கு உள்ளிருந்தே கிடைக்கும்.

அப்பிள் சாதனங்கள் உள்ள வீடுகளிலும் இதே வசதி உண்டு. மெக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'ஷெயாரிங்' என்று போனால் 'கொன்டென்ட் காஷிங்' இருக்கும். அதைப் போட்டால் வீட்டின் ஐபோன்களும் ஐபாட்களும் அப்டேட்டை அந்த மெக்கிடம் இருந்து வாங்கிக்கொள்ளும்.

இணையமே இல்லாத கணினிக்கு

இணைப்பே இல்லாத கணினிக்கு பென்ட்ரைவ்தான் வழி. 'மைக்ரோசொப்ட் அப்டேட் கட்டலொக்' என்ற மைக்ரோசொப்டின் இணையத்தளத்தில் ஒவ்வொரு அப்டேட்டையும் அதன் 'கேபி' எண்ணைக் கொண்டு தேடித் தனிக் கோப்பாக இறக்கலாம். சில அப்டேட்டுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் தேவைப்படும். எடுத்துக்கொண்டு போய் அந்தக் கணினியில் திறந்தால் நிறுவிவிடும். அந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் இருந்து அப்டேட் என்ற பெயரில் வரும் கோப்புகளைத் திறக்கவேண்டாம். வட்ஸ்அப்பில் வருவதை அறவே வேண்டாம்.

அப்டேட் போட்டுவிட்டோம் என்று முக்கிய ஆவணங்களை ஒரே கணினியில் விட்டுவைப்பதும் சரியல்ல. அவற்றின் பிரதி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, எடுத்து முடிந்ததும் கணினியில் இருந்து கழற்றி வைத்துவிடவேண்டும். செருகியபடி இருக்கும் டிஸ்க்கையும் புழு பூட்டிவிடும்.

வீட்டுக்குச் சொன்ன இந்த முறை பள்ளிக்கூடக் கணினி அறைக்கும், ரியூசன் நிலையத்துக்கும், சங்கக் கட்டடத்தில் இருக்கும் நான்கைந்து கணினிகளுக்கும் பொருந்தும். அவற்றில் பலவற்றில் செலவு காரணமாகவே அப்டேட் நிறுத்தப்பட்டிருக்கும். கணினி கூடக்கூட மிச்சமும் கூடும். ஊர் ஆட்கள் கடிதமும் விண்ணப்பமும் தட்டச்சு செய்துகொள்ளப் போகும் போட்டோக்கொப்பிக் கடைகளின் கணினிகளும் அப்படித்தான். எங்கள் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் அங்கேயும் கிடக்கின்றன. அடுத்த தடவை அங்கே போகும்போது, "அண்ணை, இந்தக் கணினிக்கு அப்டேட் ஓடுதோ?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், ஐந்து நிமிடத்தில் அதைப் போட்டுக் காட்ட இப்போது உங்களுக்குத் தெரியும்.